கூட்டிக் காட்டிய கருவி

அயன் சேனல் ஆராய்ச்சி என்பது, ஒரு செல்லின் சுவரில் அயனிகள் போய்வரும் கண்ணுக்குத் தெரியாத வாசல் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் வாசலே அங்கே இல்லை என்று தெரிந்துகொள்கிற தொழில். சோடியத்துக்கு ஒரு வாசல், கால்சியத்துக்கு ஒரு வாசல், பொட்டாசியத்துக்கு ஒரு வாசல். கை அசைவதும் இதயம் துடிப்பதும் இவை ஒழுங்காகத் திறந்து மூடுவதால்தான். நான் காவல் காத்தது பொட்டாசியத்தின் வாசலை. பிறகு ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ஒரு சின்னக் கருவியைச் செய்யப் போனேன். கருவியோடு மல்லுக்கட்டிய ஆய்வுக்கூடக்காரர்களுக்கு இந்தத் துணுக்குகள் பழகியவையாக இருக்கும். பரிசோதனைச் சீட்டில் தடித்த எழுத்தில் அச்சான எண்ணைப் பார்த்து மருத்துவரைத் தேடி ஓடியவர்களுக்கு இன்னும் பழகியவையாக இருக்கும். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக் கண்டுபிடிப்பு

சென்னையில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த இரண்டாவது வருடம். தவளை முட்டைக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியைச் செருகி, அதன் சுவர் வழியே போகும் மின்னோட்டத்தை அளப்பது என் வேலை. அளக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. மேஜையில் யாராவது கை வைத்தால்கூடக் கோடு ஆடும். ஒருநாள் திரையில் சீரான ஓர் அலை வந்தது. மறுநாளும் வந்தது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் அந்த அலையைப் பதிவு செய்தேன். இதுவரை யாரும் பார்க்காத புது சேனல் என்று முடிவு கட்டி, கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன்.

பேராசிரியரை அழைத்துக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடந்து போய்ச் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சை அணைத்தார். அலை நின்றுவிட்டது. மறுபடி போட்டார், வந்தது. கதவருகே போய் நின்று சொன்னார்: "தம்பி, நீ கண்டுபிடிச்சிருக்கறது சேனல் இல்ல, சீலிங் ஃபேன். அத ஏற்கெனவே ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டாரு."

செய்திமேசையிலிருந்து ஒரு கேள்வி

ஆராய்ச்சிக்கு இடம் கிடைப்பதற்கு முன்னால் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். தலைப்புக்கு எத்தனை எழுத்து, செய்திக்கு எத்தனை வரி என்று அளந்து எழுதப் பழகியது அங்கேதான். அந்த உறவில் பிறகும் பல வருடம் ஞாயிறு பக்கத்துக்கு அறிவியல் எழுதிக்கொடுத்தேன். ஒருமுறை என் துறையைப் பற்றியே எழுதினேன். பொட்டாசியத்தின் வாசல், அதன் அமைப்பு, அது மற்றவற்றை விலக்கிப் பொட்டாசியத்தை மட்டும் விடும் அதிசயம் எல்லாம் இருந்தது. பக்கத்தின் பொறுப்பாளர் போன் செய்தார். பாதிக்கு மேல் அடித்துவிட்டதாகச் சொன்னார். மீதியையும் அடிக்கலாமா என்று கேட்டார்.

என்ன குறை என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, வேலூரில் சிறுநீரக மருத்துவராக இருந்த நண்பரைப் போய்ப் பார்த்தேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கும், ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததுக்கும் இடையிலுள்ள நாட்களில் சத்தமில்லாமல் ஏறும், வலிக்காது, ஓர் அளவுக்கு மேல் போனால் இதயம் நின்றுவிடும் என்று அவர் சொன்னார். வீட்டில் இருந்தபடியே விரல் ரத்தத்தில் அதை அளக்க ஒரு கருவி இருந்தால் நல்லது என்றும் சொன்னார். என் ஆராய்ச்சியின் பிற்பாதியைத் தீர்மானித்த அந்தப் பொறுப்பாளரின் வார்த்தைகள் இவை: "வாசல் தொறக்குது, மூடுது, சரி சார். அது சரியா வேலை செய்யலன்னா யாரு வீட்ல அழுவாங்க? அத எழுதுங்க."

பதினோரு பக்கம்

கருவி கைக்குள் அடங்கும். அதில் செருகும் பட்டையின் நுனியில், பொட்டாசியத்தை மட்டும் பிடிக்கும் ஒரு மூலக்கூறைப் பூசியிருந்தோம். ஒரு சொட்டு ரத்தம் போதும், ஒரு நிமிடத்தில் எண் வரும். ஐந்து வரை இருந்தால் நிம்மதி. ஆறரைக்கு மேல் போனால் உடனே டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இதைத்தான் நோயாளிகளுக்குச் சொன்னோம். ஆய்வுக்கூடத்தில் இது சரியாக வேலை செய்தது. இனி மனிதர்களிடம் சோதிக்க வேண்டும். ஆரணி என் ஊர், அப்பா இங்கே பள்ளி ஆசிரியராக இருந்தவர். இங்குள்ள ஒரு சிறிய மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு எங்களுக்கு இடம் கொடுத்தது. பெரணமல்லூர், வெம்பாக்கம், போளூர் பக்கத்திலிருந்தெல்லாம் அங்கே வருவார்கள். பிரிவின் டெக்னீஷியன் பிலிப், எந்த நோயாளிக்கு எந்தக் கையில் ஊசி குத்த வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்.

சோதனையில் சேருகிறவர்கள் பதினோரு பக்க ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வெம்பாக்கத்து விவசாயி ஒருவருக்கு நானே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். அவருடைய உரிமைகள், கருவி தவறினால் அவருக்கு வரக்கூடிய ஆபத்துகள், அவர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பது எல்லாம். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுப் பேனாவைக் கையில் வாங்கினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று கேட்டார்: "மெஷினு தப்பா சொன்னா எனக்கு இன்னா ஆவும்னு பதினோரு பக்கம் போட்டுகிறீங்க. உங்களுக்கு இன்னா ஆவும் சார்? அத எங்கயும் காணமே."

டீ கேட்ட நோயாளி

கோவிந்தன் நெசவுக்காரர், ஆரணிக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. சிறுநீரகம் பழுதான பிறகு தறியில் உட்கார்ந்து மிதிக்க முடியவில்லை. பாவு பிணைக்கும் வேலையை மட்டும் வைத்திருந்தார். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீர்ந்ததும், அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையை விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். தெருவில் யார் வீட்டில் பாவு தீர்ந்தாலும் கோவிந்தனைக் கூப்பிடுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ், மற்ற நாட்களில் பிணையல். மனைவி தேவகி வீட்டில் தார் சுற்றுவார், அதாவது குறுக்கே ஓடும் ஊடை நூலைக் குழலில் ஏற்றித் தருவார்.

முதல் நாள் கோவிந்தன் வேலையிலிருந்து நேராக வந்தார். பிலிப் ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்துக் குத்தினார். கருவி எட்டு புள்ளி ஒன்பது என்று காட்டியது. அந்த அளவில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. பிலிப் ஒரே பாய்ச்சலில் ஈசிஜி கருவியை இழுத்து வந்தார், மருத்துவர் ஓடி வந்தார், நான் சுவரோரம் நின்றேன். ஈசிஜியில் ஒன்றுமில்லை. முழங்கை ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்து அனுப்பினோம், ஐந்து புள்ளி ஒன்று என்று வந்தது. மருத்துவர் பாதியில் விட்டு வந்த நோயாளியிடம் திரும்பிப் போனார். மார்பில் ஒட்டிய பசையைத் துடைத்தபடி கோவிந்தன் சொன்னார்: "மெஷின் கணக்குப்படி நான் போயிட்டேன் போல. அதுக்கு முன்ன ஒரு டீ சொன்னேனே பிலிப்பு, அது வருமா வராதா?"

அமுக்காதீங்க

விரலை அமுக்கிப் பிழிந்தால் சிவப்பணுக்கள் உடையும், அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து எண்ணைக் கூட்டிவிடும். இது எங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். நெசவுக்காரர்களின் விரல் நுனி காய்த்துப் போயிருக்கும், குத்தினால் ரத்தம் சட்டென்று வராது, எல்லோரும் பிழிவார்கள். ஆகவே குற்றவாளி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். விரல் நுனியின் ஓரத்தில் குத்துவது, கையைத் தொங்கவிட்டுக் காத்திருப்பது, தானாக வரும் சொட்டை எடுப்பது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம். மற்றவர்களுக்கு எண் சரியாகிவிட்டது.

கோவிந்தனுக்கு வீட்டில் அளப்பது தேவகி. அவரையும் வரவழைத்து நானே காட்டிக்கொடுத்தேன். அமுக்கவே கூடாது, எவ்வளவு நேரமானாலும் அமுக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன். பிலிப் சிரித்துவிட்டார், கோவிந்தனும் சிரித்தார், ஏனென்றால் தேவகி சொன்ன பதில் இது: "பதினெட்டு வருஷமா இந்த மனுஷன எதுக்கும் அமுக்காம ஓட்டிகினு வரேன் சார். இந்த வெரல மட்டும் அமுக்கிட போறனா?"

நோட்டின் முதல் பக்கம்

தேவகி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நாள், நேரம், எண் என்று கோடு போட்டு எழுதினார். அவ்வளவு ஒழுங்கான பதிவேட்டை என் மாணவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் கோவிந்தனின் எண்கள் குதித்தன. ஒருநாள் ஐந்து, மறுநாள் எட்டு, அதற்கடுத்த நாள் ஐந்தரை. ஆறரையைத் தாண்டும்போதெல்லாம் தேவகி சொன்னபடி போன் செய்தார், ஆட்டோ பிடித்து அழைத்து வந்தார். இரண்டு வாரத்தில் நான்கு முறை. நான்கு முறையும் ஈசிஜி சரியாக இருந்தது, முழங்கையில் எடுத்த ரத்தம் சரியாக இருந்தது. நான்காவது முறை, பிணையல் வேலையைப் பாதியில் விட்டு வந்த கோவிந்தன் மனைவியைத் திட்டினார். பேஜாராப் போச்சு என்றார். தேவகி அன்றைய எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர்களைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. என் கருவியைப் பார்க்கவும் சங்கடமாக இருந்தது. நோட்டை வாங்கி, அதன் முதல் பக்கத்தில் என் கையாலேயே எழுதினேன்: 'இவருக்குக் கருவி கூட்டித்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.' கீழே கையெழுத்தும் போட்டேன். ஆறரை என்ற விதி எல்லோருக்கும் பொது, ஒருவருக்கு மட்டும் அதைத் தளர்த்த எனக்கு அதிகாரம் கிடையாது. காரணம் கண்டுபிடிக்கும்வரைதானே என்று சமாதானம் செய்துகொண்டேன். தேவகி படித்துவிட்டு ஒன்று கேட்டார். அந்த நேரம் பார்த்து எனக்குப் போன் வந்தது, எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து பதில் சொல்லவில்லை. அவர் கேட்டது: "கூட்டித்தான் காட்டும், சரிங்க. எவ்ளோ காட்னா பயப்படணும்? அதையும் எழுதிக் குடுத்துடுங்க சார்."

கொட்டாங்குச்சியில் இருந்தது

ஒரு மாதம் கழித்துத்தான் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். அதற்கு முன் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தறியில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். தொட்ட இடம் தெரியாமல் விரல்கள் ஓடின. நான்கைந்து இழைக்கு ஒருமுறை, பக்கத்தில் இருந்த கொட்டாங்குச்சியைத் தொட்டுக்கொண்டார். உள்ளே என்ன என்று கேட்டேன். சாம்பல் என்றார். பட்டு வழுக்கும், சாம்பல் தொட்டால்தான் விரலுக்குப் பிடிமானம் கிடைக்கும், முறுக்கு நிற்கும் என்றார். எதை எரித்த சாம்பல்? வெந்நீர் அடுப்பில் எரிக்கும் தேங்காய் மட்டை. துணியில் சலித்து எடுத்து வைத்துக்கொள்வாராம்.

தேங்காய் மட்டைச் சாம்பலில் பொட்டாசியம் ஏராளம் என்பது உயிர்வேதியியல் படித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஒரு சிட்டிகையைச் சுத்தமான தண்ணீரில் கரைத்துப் பட்டையில் விட்டேன். கருவி எண் காட்டாமல், அளவுக்கு மேல் என்று காட்டியது. கோவிந்தனின் வலது கை விரலை வழக்கம்போல ஸ்பிரிட்டால் துடைத்து அளந்தேன், ஒன்பதுக்கு மேல். அதே கையைச் சோப்பு போட்டு மூன்று முறை கழுவச் சொல்லி அளந்தேன், ஐந்து புள்ளி இரண்டு. பஞ்சு கிருமியைக் கொன்றதே தவிர, விரல் ரேகைக்குள் ஏறியிருந்த சாம்பலை எடுக்கவில்லை. வேலை செய்த நாளில் எண் குதித்தது, சும்மா இருந்த நாளில் இறங்கியது.

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க வேண்டியதில்லை. அங்கேயே நின்று சென்னைக்குப் போன் செய்தேன், கொட்டாங்குச்சியைப் படம் எடுத்து அனுப்பினேன். தேவகியின் நோட்டில், அன்றைய தேதிக்குக் கீழே, 'சோப்பு போட்டு மூன்று முறை கழுவிய பிறகே அளக்க வேண்டும்' என்று எழுதினேன். கோவிந்தன் மட்டும் பெரிதாக வியக்கவில்லை. அடுத்த இழையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "இருவது வருஷமா இதத் தொட்டுகினுதான் கீறேன். வெரல்ல இன்னா கீதுன்னு ஒருநாள் கேட்டிருந்தா சொல்லிருப்பேனே சார். நீங்க மெஷினயே கேட்டுகினு இருந்தீங்க."

மூன்று முறை கழுவிய கை

அதன் பிறகு இரண்டு மாதம் எண்கள் ஒழுங்காக இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை பெரணமல்லூரில் தேவகியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மருத்துவரிடம் கேட்டு அன்றைய டயாலிசிஸைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றிக்கொண்டார்கள். கோவிந்தனுக்கு என்று தேவகி காய்களை வேகவைத்து, பொட்டாசியம் போகத் தண்ணீரை வடித்துத் தனி டிபனில் எடுத்துப் போனார். பந்தியில் எல்லோருக்கும் நடுவில் அவர் அதைத்தான் சாப்பிட்டார். மாலையில் ஆரணி திரும்பினார்கள். சனிக்கிழமை காலை பிலிப் எனக்குப் போன் செய்தார். கோவிந்தன் எழுந்திருக்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

சென்னையிலிருந்து நான் போய்ச் சேரும்போது மதியம். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உறவினர் ஒருவர், கல்யாணத்தில் யாரோ ஏதோ கொடுத்திருப்பார்கள், இவன் வாயைக் கட்ட மாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தேவகி என்னைப் பார்த்ததும் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மாலை என்று எழுதி மூன்று எண்கள் இருந்தன. ஏழு புள்ளி இரண்டு. பக்கத்தில், 'கை கழுவியது' என்று இருந்தது. அடுத்து ஏழு புள்ளி மூன்று. 'மறுபடி கழுவியது.' மறுபடியும் ஏழு புள்ளி மூன்று. ஆய்வுக்கூடத்தில் இதைவிட நன்றாக ஓர் அளவை யாரும் உறுதி செய்ய முடியாது.

அந்த எண்ணுக்குப் பிறகு தான் என்ன செய்தார் என்பதையும் தேவகியே சொன்னார். முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். நான் எழுதியது அப்படியே இருந்தது. சாம்பலைக் கண்டுபிடித்த அன்று புது விதியை எழுதிய நான், பழைய வரியை அடிக்கவில்லை. அன்று மாலையே வந்திருந்தால் காப்பாற்றியிருக்க வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் பிறகு என்னிடம் சொன்னார். தேவகி குரலை உயர்த்தவில்லை. பந்தலில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. "மெஷினு சரியாத்தான் சொல்லுச்சி சார். நாங்கதான் உங்க பேச்ச கேட்டோம்."

அறிக்கையில் ஒரு வரி

சோதனையின்போது ஒருவர் இறந்தால், அதைக் கண்காணிக்கும் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூடி உட்கார்ந்தோம். எங்கள் ஆராய்ச்சிக் குழுவில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வாசகம் தயாரித்து வந்திருந்தார். நோயாளி டயாலிசிஸை ஒரு நாள் தள்ளிப் போட்டார், கருவி பிழையின்றி இயங்கியது, கருவிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை. மூன்றும் உண்மை. செய்திமேசையில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட வாசகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருக்கும், நடந்தது மட்டும் அதில் இருக்காது.

நான் வேறு எழுதிக் கொடுத்தேன். கருவி சரியான எண்ணை மூன்று முறை காட்டியது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று விதிக்குப் புறம்பாக எழுதிக் கொடுத்தது நான். காரணம் தெரிந்த பிறகும் அதைத் திரும்பப் பெறாதது நான். நோட்டின் முதல் பக்கத்தின் நகலையும் இணைத்தேன். சோதனையைப் பல மாதம் நிறுத்தி வைத்தார்கள். நோயாளிகளிடம் நேரடியாக அறிவுரை சொல்ல எனக்குத் தடை விதித்தார்கள். இரண்டும் நியாயம்தான். கண்காணிப்புக் குழுவின் தலைவி, ஓய்வுபெற்ற மருத்துவர், கோப்பை மூடிக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு நாளா கருவியக் கண்காணிச்சோம். செஞ்சவரையும் சேர்த்துக் கண்காணிக்கணும்னு எங்க படிவத்துல இடமே இல்ல. இனிமே போடுவோம்."

தேவகி படித்துப் பார்த்தது

சோதனை மறுபடி தொடங்குவதற்கு முன், நோயாளிகளின் வீடுகளில் கொடுக்க ஒரு பக்க வழிகாட்டி தயாரித்தோம். கை கழுவுவது, சாம்பல், சாயம், உப்பு எதைத் தொட்டிருந்தாலும் கழுவுவது, அமுக்காமல் எடுப்பது, எந்த எண்ணுக்கு என்ன செய்வது எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தது. குழு பார்த்து ஒப்புக்கொண்டது. அச்சுக்குப் போகுமுன் தேவகியிடம் காட்ட வேண்டும் என்று பிலிப் சொன்னார். நான் போகலாமா என்று முதலில் அவரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். வரட்டும் என்றாராம்.

தேவகி தார் சுற்றிக்கொண்டிருந்தார். ராட்டையை நிறுத்தவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. பிலிப் ஒரு ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார், நான் நின்றுகொண்டேன். குழலில் நூல் நிறைந்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடி படித்தார். ஆறரைக்கு மேல் காட்டினால் போன் செய்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும் என்ற வரிக்கு அடுத்த வரியில் விரலை வைத்தார். 'சில நேரம் கருவி கூட்டிக் காட்டக்கூடும், பதற்றப்பட வேண்டாம்' என்று அங்கே இருந்தது. ஆறுதலாக இருக்கட்டும் என்று யாரோ சேர்த்தது. நான் படித்திருந்தேன், குழுவும் படித்திருந்தது, எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

எடுத்துவிடுகிறோம் என்றேன். பிலிப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். தேவகி அதை என்னிடம் கொடுக்காமல் தானே வாங்கி, அந்த வரியை இரண்டு முறை கோடு போட்டு அடித்தார். தாளைத் திருப்பித் தரும்போது, அன்று அவர் என்னிடம் பேசிய ஒரே பேச்சைப் பேசினார்: "பயப்பட வேணாம்னு எங்கயும் எழுதாதீங்க சார். பயந்தா வண்டி புடிச்சி ஜல்தியா வருவாங்க. வந்து ஒண்ணும் இல்லன்னா உங்கள திட்டிட்டுப் போவாங்க. போவட்டுமே, இன்னா இப்ப?"

இப்போது ஆறே முக்காலைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஓடி வந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் என் காதுபடவே என்னைத் திட்டிவிட்டு நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள் என்பதுதான், இந்தத் தொழிலில் நான் எடுத்த அளவுகளிலேயே சரிபார்க்கத் தேவையில்லாத ஒரே அளவு.